வரட்டுமா?

"தாயே, அதைக் கொல்ல எந்த ஆயுதம் வேணும்?" என்று கேட்டார் கொம்பையா.

ஆவுடை மலைப் பாறை மேல் உட்கார்ந்து கல்லால் புளி உடைத்துக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

கொம்பையா பூதவேட்டைப் படையின் தளவாய். ஐம்பத்திரண்டு வயது. பூதங்களின் போக்கெல்லாம் தெரிந்த ஆவுடைக்கு முப்பதுகூட ஆகவில்லை. தலை நரைத்த தளவாய் போயும் போயும் ஒரு சின்னப் பெண்ணிடம் பாடம் கேட்கிறாரே என்று படையில் சிரித்தார்கள். சிரித்தவர்களும் ஒளிந்து ஒளிந்து மலையேறி அவளிடம் கேட்டுவிட்டுப் போனார்கள் என்பது வேறு விஷயம்.

"இதுவரைக்கும் எத்தனை பிடிச்சிருக்கீங்க?" என்றாள்.

"ஏழு தாயே. மூணு வலையில. ரெண்டைக் குழி வெட்டிப் பிடிச்சோம். ஒண்ணைத் தீ வச்சுக் கொன்னோம். ஒண்ணு தானாச் செத்துச்சு. அதையும் நாங்கதான் கொன்னோம்னு சொல்லிக்கிட்டோம்."

"இது எட்டாவதா?"

கொம்பையா வாளைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார்.

"எட்டாவது எங்க இசக்கி முகத்தோட வருது."

இசக்கிமுத்து அவருடைய அக்கா மகன். படையின் முதல் ஈட்டிக்காரன். நாற்பது நாளுக்கு முன்னால் பூதம் தேடிக் காட்டுக்குள் போனான். திரும்பவில்லை. ஊருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"உச்சி வெயில்ல கோட்டை வாசலுக்கு வரும். 'மாமா இருக்காரா?'ன்னு கேக்கும். ஈட்டி எறிஞ்சோம். நெஞ்சுல பாஞ்சுது. பிடுங்கித் துடைச்சு, சுவத்துல சாத்தி வச்சுட்டு, 'தண்ணி குடுங்க'ன்னு கேக்குது."

"குடுத்தீங்களா?"

"கதவே திறக்கல. ஆனாலும் ராத்திரி உள்ள வந்துருது. வாசல்ல காவல் நின்னவனை மறுநாள் காணோம். பாய் இருக்கு, வேட்டி மடிச்சபடி இருக்கு, ஆள் இல்ல. ரெண்டு பேர் போயாச்சு. நாளைக்குக் காவல் மாடசாமி. மூணு பிள்ளை பெத்தவன். நேத்து என் காலைப் பிடிச்சுக்கிட்டு அழுதான்."

"சுவர் ஏறிக் குதிக்குதோ?"

"இல்ல."

"அப்புறம் எப்படி உள்ள வருது?"

"அது தெரிஞ்சா நான் ஏன் இந்த வெயில்ல மலையேறி வாறேன்?"

ஆவுடை சிரித்தாள். "சரி, கோவிச்சுக்காதீங்க. வாசலை விட்டுப் போறப்ப அது என்ன சொல்லுது?"

கொம்பையா யோசித்துப் பார்த்தார். "பெருசா ஒண்ணுமில்ல. தண்ணி கிடைக்காதுன்னு தெரிஞ்சதும் சும்மா நிக்கும். அப்புறம் எல்லாரும் சொல்றதுதான். 'சரி, வரட்டுமா?'ன்னு கேக்கும்."

"அதுக்குக் காவல்காரன்?"

"போய்த் தொலையுதேங்கிற நிம்மதியில 'சரி, போயிட்டு வா'ன்னான்."

ஆவுடை கல்லைக் கீழே வைத்தாள். கையில் ஒட்டிய புளியைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"தளவாயாரே, சுனையில எனக்குக் கொஞ்சம் வேலை கிடக்கு. வரட்டுமா?"

"போயிட்டு வாங்க தாயே."

அவள் இரண்டு அடி போனாள். திரும்பி வந்து, அவர் முழங்காலில் இடிக்கிற மாதிரி எதிரே உட்கார்ந்தாள்.

"வந்துட்டேன்," என்றாள்.

அத்தனை வெயிலிலும் கொம்பையாவுக்கு உடம்பு சில்லிட்டது.

"யாரும் வாயே திறக்கக் கூடாதுன்னு உத்தரவு போட்டுர்றேன்."

"தாராளமாப் போடுங்க. முதல்ல நீங்க இருந்து காட்டுங்க." மறுபடியும் எழுந்தாள். "வரட்டுமா?"

கொம்பையா பல்லைக் கடித்துக்கொண்டார். அவள் போகவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பழகிய ஒருவர் விடைகேட்டு நிற்கும்போது வாயை மூடிக்கொண்டு இருந்து பார்த்தால்தான் அந்தப் பாடு தெரியும்.

"ம்… வாங்க," என்று வந்துவிட்டது.

அவள் இன்னும் மூன்று தடவை எழுந்தாள். வலையும் நெருப்புமாகப் பூதங்களை அடக்கிய மனிதர் மூன்று தடவையும் தோற்றார்.

"அப்போ என்னதான் சொல்லச் சொல்றீங்க?" என்றார் எரிச்சலோடு.

"வழக்கமாச் சொல்றதையே சொல்லுங்க. முதல் எழுத்தோட நிறுத்திக்கோங்க."

கொம்பையாவின் முகம் சுண்டிப்போனது. "வீட்டு ஆளைப் பார்த்து அதைப் போய் யாராவது சொல்லுவாங்களா தாயே? வாய் வருமா?"

"இழவு வீட்டுல இருந்து கிளம்புறப்ப என்ன சொல்லிட்டுக் கிளம்புவீங்க?"

"ஒண்ணும் சொல்ல மாட்டோம். வாறேன்னு சொல்லக் கூடாதே."

"உங்க அக்கா வீட்டுல இழவு விழுந்துச்சா?"

அவர் தலை குனிந்தார். பாறையில் ஊர்ந்த எறும்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவனை நான்தான் கண்டெடுத்தேன்," என்றார் கடைசியில். "காட்டுக்குள்ள நானே குழி வெட்டிப் புதைச்சேன். ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடல. அக்காவுக்கு அவனை விட்டா வேற யாரும் இல்ல. தெரிஞ்சா செத்துருவா."

"அவங்க கேக்கலையா?"

"தினமும் கேக்குறா."

"நீங்க?"

"வந்துருவான்னு சொல்றேன்."

"நாற்பது நாளாவா?"

"நாற்பது நாளா."

ஆவுடை கல்லை எடுத்து மறுபடி புளி உடைக்கத் தொடங்கினாள்.

கொம்பையா எழுந்து, வரட்டுமா என்று கேட்காமல் மலை இறங்கினார்.

மறுநாள் மாடசாமியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வாசல் காவலுக்குத் தானே நின்றார்.

உச்சி வெயிலில் அது வந்தது. அச்சு அசல் இசக்கி. நடக்கும்போது இடது தோளைச் சற்றே தூக்கிக்கொள்கிற பழக்கம்கூட மாறவில்லை. மாமாவைக் கண்டதும் சிரித்தது. பயம் வரவேண்டிய இடத்தில் கொம்பையாவுக்கு அழுகை வந்தது. அந்தப் பிள்ளைக்காக அவர் மனசு அவ்வளவு ஏங்கியிருந்தது.

"தண்ணி குடுங்க மாமா."

தண்ணீர் கிடைக்காமல் அது வெயிலில் நின்றது. சுவரைத் தடவிப் பார்த்தது. பிறகு திரும்பியது.

"சரி மாமா. வரட்டுமா?"

"போ," என்றார் கொம்பையா. மீதி வார்த்தையை விழுங்கினார்.

அது நகரவில்லை. மாமா அப்படிப் பேசி அது கேட்டதே இல்லை.

"போப்பா இசக்கி," என்றார். "அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

தூக்கியிருந்த தோள் மெல்ல இறங்கியது.

"சொல்லிருவீங்களா மாமா?"

"இன்னிக்கே சொல்லிர்றேன்."

"அப்போ போறேன்," என்றான் இசக்கி.