படியில்லாத மேடை

"துணைவேந்தரே மேடையிலிருந்து இறங்கி வந்து உங்களுக்குப் பட்டம் கொடுக்கப் போறார்!" என்று பதிவாளர் மைக்கில் அறிவித்தார். ஒத்திகைக்கு வந்திருந்த மாணவர்கள் எல்லாரும் கைதட்டினார்கள். சக்கர நாற்காலியில் இருந்த மரியசெல்வியும் கைகூப்பிச் சிரித்து வைத்தாள். உள்ளே பற்றிக்கொண்டு வந்தது.

மரியசெல்வி நாற்பதைத் தாண்டியவள். பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக்கொடுத்துக்கொண்டே முனைவர் பட்டம் முடித்தவள். நாளைக்குப் பட்டமளிப்பு விழா. டீச்சர் மேடையேறுவதைப் பார்க்க அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் வேன் பிடித்து வருகிறார்கள். மேடைக்கு ஒரு சாய்தளம் வேண்டும் என்று அவள் எப்போதோ எழுதிக் கேட்டாயிற்று.

பதிவாளர் கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை சண்டையாவது போட்டிருக்கலாம்.

"ஒருத்தருக்காகத் தனியா சாய்தளம் போட நிதி ஒதுக்கீடு இல்லைங்கம்மா," என்று குழைந்தார். "மேலே வந்தே ஆகணும்னா சொல்லுங்க, நம்ம பசங்க நாலு பேர் நாற்காலியோட தூக்கிடுவாங்க. தங்கமான பசங்க."

மரியசெல்வி மைதானத்து மரத்தடியில் உட்கார்ந்திருந்த தன் ஆய்வு வழிகாட்டியான பேராசிரியர் தில்லைநாயகியைத் தேடிப் போனாள்.

தில்லைநாயகிக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. மற்றத் துறைத்தலைவர்கள் மேடையில் உட்காரும்போது இவருக்கு மட்டும் வருஷா வருஷம் கீழே, முதல் வரிசையில், மெத்தை வைத்த நாற்காலி. படியேறச் சிரமப்படுவாராம். மூன்றாவது மாடியில் இருக்கும் தன் துறைக்கு அவர் தினமும் படியேறித்தான் போகிறார். கண் தெரியாவிட்டால் காலும் வராது என்று இவர்கள் எந்தப் புத்தகத்தில் படித்தார்களோ தெரியவில்லை.

"அம்மா, எல்லாரும் அன்பாத்தான் பேசுறாங்க," என்றாள் மரியசெல்வி. "துணைவேந்தரே இறங்கி வர்றேங்கறார். எனக்கு ஏன் இப்படிக் கோபம் வருது? நான் நன்றி கெட்டவளா?"

தில்லைநாயகி எழுந்து வெள்ளைக் கோலை எடுத்துக்கொண்டார்.

"மேடைப் பக்கம் போவோம், வா."

மைதானத்தில் பந்தல்காரர்கள் போட்ட மேடை அது. இடுப்புயரம் இருக்கும். முன்னால் ஒரு மரப்படி. தில்லைநாயகி அதைக் கோலால் தட்டிப் பார்த்துவிட்டுப் பந்தல்காரர் காஜாமைதீனைக் கூப்பிட்டார்.

"பாய், இந்தப் படி மேடையோட சேர்ந்ததா, தனியா?"

"தனிதாம்மா. தூக்கி வைக்கிறதுதான்."

"எடுத்துடுங்க."

"ஐயோ, துணைவேந்தர் ஐயா இப்ப ஒத்திகைக்கு வந்துடுவாரே!"

"அதுக்குத்தான் சொல்றேன். யார் கேட்டாலும் என் பேரைச் சொல்லுங்க."

மரியசெல்வி அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். பட்டம் கைக்கு வருகிற நேரத்தில் இது என்ன வம்பு? "அம்மா, வேண்டாமே," என்றாள்.

"கேள்வி கேட்டது நீதானே?"

படி பந்தலுக்குப் பின்னால் போயிற்று.

துணைவேந்தர் சிவப்பு அங்கியோடு விறுவிறுவென்று வந்தார். மேடைக்கு முன்னால் வந்ததும் நின்றார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார்.

"படி எங்கே?"

"எதுக்குங்கய்யா?" என்றார் தில்லைநாயகி.

"எதுக்கா? மேடை ஏற வேண்டாமா?"

"ஓ, ஏறுறதுக்கு ஐயாவுக்குத் தனி வசதி வேணுமா?" தில்லைநாயகியின் குரலில் அப்படி ஒரு கரிசனம். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே. இப்போ நிதி ஒதுக்கீடு இல்லையே. பரவாயில்லை, நீங்க கீழேயே நில்லுங்க. மேலே இருக்கிறவங்க உங்களுக்காக இறங்கி வருவாங்க. எல்லாரையும் கைதட்டச் சொல்றேன்."

பின்வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். பதிவாளரின் முகத்தில் ஈயாடவில்லை.

துணைவேந்தருக்கு ரோஷம் வந்துவிட்டது. மேடைப் பலகையில் இரண்டு கையையும் ஊன்றி ஒரு முழங்காலைத் தூக்கி வைத்தார். அங்கி காலில் சிக்கியது. சறுக்கிக் கீழே வந்தார்.

பதிவாளருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாணவர்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். நாலு பேர் ஓடி வந்தார்கள். தங்கமான பசங்கள்தான், சந்தேகமே இல்லை. ஒருவன் அவர் அக்குளில் கை கொடுத்தான். இன்னொருவன் காலைப் பிடித்தான்.

"தொடாதீங்க!" என்று கத்தினார் துணைவேந்தர். "விடுங்கடா! நான் என்ன மூட்டையா?"

பசங்கள் கையை எடுத்துக்கொண்டு விலகினார்கள். மரியசெல்விக்கு அந்தக் குரல் நன்றாகத் தெரியும். எத்தனையோ பேருந்துகளிலும் மாடிப்படிகளிலும் அது அவள் தொண்டை வரைக்கும் வந்து திரும்பிப் போயிருக்கிறது. இன்றைக்குத் திருப்பி அனுப்ப அவளுக்கு மனசில்லை. நாற்காலியை உருட்டிக்கொண்டு நேராக அவர் முன்னால் போனாள்.

"ஐயா, காலையில ஸ்பீக்கர் பெட்டியை எல்லாம் நீளமா ஒரு சாய்வுப் பலகை போட்டு உருட்டி ஏத்துனாங்க. அந்தப் பலகை லாரியிலதான் கிடக்கு. அதைப் போட்டா நீங்களும் ஏறலாம், நானும் ஏறலாம். படி மட்டும்தான் திரும்பி வரும்னா, நாளைக்கு நான் கீழே இருந்தும் வாங்க மாட்டேன், யாரையும் தூக்கவும் விட மாட்டேன். பட்டம் மேடையிலேயே கிடக்கட்டும். என் பிள்ளைங்களுக்கு அதையும் வரலாறா சொல்லிக்குடுத்துக்குறேன்."

பதிவாளர் வாயைத் திறந்தார். துணைவேந்தர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். அங்கியில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினார். நெடுநேரம் தட்டினார்.

"பலகையைப் போடுங்க," என்றார், யார் முகத்தையும் பார்க்காமல். "நாளைக்கும் அது இங்கேதான் இருக்கணும்."

"அப்படியே மேலே எனக்கும் ஒரு நாற்காலி," என்றார் தில்லைநாயகி. "மெத்தை வேண்டாம்."

காஜாமைதீனின் ஆட்கள் பலகையைக் கொண்டுவந்து பொருத்தினார்கள். துணைவேந்தர் முதலில் ஏறிப் போனார். மரியசெல்வி சக்கரத்தில் கை வைத்தவள், தயங்கித் திரும்பினாள்.

"அம்மா, நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலையே."

"என்ன கேட்ட?"

"அன்பாச் செய்றவங்க மேல எனக்கு ஏன் கோபம் வருது, நான் நன்றி கெட்டவளான்னு."

மேடையில் கேட்ட காலடிச் சத்தத்தின் பக்கம் தில்லைநாயகி முகத்தைத் திருப்பினார்.

"மேலேதானே போற? அந்தப் பசங்களும் அன்பாத்தான் தூக்க வந்தாங்க. அவர் நன்றி கெட்டவரான்னு அவர்கிட்டயே கேட்டுட்டு வா."