சடைச்சிக்குப் பிடித்த பிரஷ்

காட்டோரக் குளம் வற்றிக்கொண்டிருந்தது. கரையில் சடைச்சி என்ற நாய் நாக்கைத் தொங்கப்போட்டுப் படுத்துக் கிடந்தது. உடம்பு முழுக்க நீள நீளமாக முடி. மலை மேல் எஸ்டேட் பங்களாவைக் காலி செய்துகொண்டு போனவர்கள் கட்டில், பீரோ எல்லாவற்றையும் லாரியில் ஏற்றினார்கள். நாயை மறந்துவிட்டார்கள். மறந்தார்களோ, மறந்த மாதிரி போனார்களோ! அதைப் பேசி இனி என்ன ஆகப்போகிறது?

ஆறு மாதமாகச் சீப்புப் படாத முடி அது. ஒட்டுப்புல்லும் நாயுருவியும் ஏறி, கண்ட இடமெல்லாம் சிக்குப் பிடித்திருந்தது. வலது முன்னங்காலின் அக்குளில் மட்டும் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு சிக்கு. கால் எடுத்து வைத்தால் தோலைச் சுண்டி இழுத்தது.

அன்று காலை காட்டெருமை எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னது. "இன்னும் மூணு நாள்தான் இந்தத் தண்ணி! நாலாம் நாள் விடிஞ்சதும் ஆத்துக்குக் கிளம்பணும். ஒரு பகல் முழுக்க நடை. பின்தங்கினவங்களுக்கு இங்கே குடிக்க ஒரு வாய்த் தண்ணி இருக்காது, சொல்லிட்டேன்!"

சடைச்சி தன் வலது முன்னங்காலை நீட்டிப் பார்த்தது. இந்தக் காலை வைத்துக்கொண்டு ஒரு பகல் நடக்க முடியுமா?

"குரங்குத் தம்பி! உனக்குத்தான் கை இருக்கு. பங்களாவுக்குப் போய் ஒரு சீப்பு எடுத்துட்டு வாயேன்!" என்றது சடைச்சி.

குரங்கு நல்ல மனசுக்காரன். உடனே மலை ஏறியது. சாயங்காலம் மூச்சு வாங்க வந்து நின்றது. தோளில் ஒரு சீப்பு வாழைப்பழம்!

"என்னடா இது?"

"நீதானே அக்கா சீப்பு கேட்டே! தோட்டத்துலேயே பெரிய சீப்பு இதுதான்!"

"முடி சீவுற சீப்புடா! பல்லு இருக்குமே, அது!"

"பல்லா? வாழைப்பழம் திங்கப் பல்லே வேண்டாமே அக்கா!"

சடைச்சிக்குத் திட்டக்கூடத் தெம்பில்லை. ஆளுக்குப் பாதியாகத் தின்றுவிட்டுப் படுத்தன. ஒரு நாள் போயிற்று.

மறுநாள் குரங்கு, எது சீப்பு என்று தெரியாமல், ஒரு தகர டப்பாவையே தூக்கிக்கொண்டு வந்தது. அதில் மூன்று சாமான்கள் இருந்தன. மெத்தென்ற முடி வைத்த பிரஷ் ஒன்று. மெல்லிய கம்பிகள் நட்ட பிரஷ் ஒன்று. பல் அகலமான இரும்புச் சீப்பு ஒன்று. சீப்பில் துரு ஏறியிருந்தது.

கூப்பிடாமலே நரி வந்து சேர்ந்தது. அதற்கு இதில் லாபம் ஒன்றுமில்லை. யோசனை சொல்வதில் ஒரு சுகம், அவ்வளவுதான். இப்படிப்பட்டவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

"இந்தக் கம்பி பிரஷ்ஷா? தோலைக் கீறிடும்! இந்த இரும்புச் சீப்பு மாட்டுக்கு வச்சிருந்ததா இருக்கும்! சடைச்சி, உன் முடிக்கு ஏத்தது இந்த மெத்துப் பிரஷ்தான்!"

அந்த வழியாகப் போன முள்ளம்பன்றி நின்றது. "இரும்புச் சீப்பை எடு சடைச்சி. முதல்லே நுனி, அப்புறம் நடு, கடைசியிலேதான் அடி. கொஞ்சம் கொஞ்சமாப் பிரிக்கணும். வலிக்கத்தான் செய்யும். சிக்குப் போனதும் கம்பி பிரஷ். மெத்துப் பிரஷ் எல்லாம் முடிஞ்ச பிறகு மினுக்குறதுக்கு."

"உடம்பெல்லாம் ஊசி குத்திக்கிட்டு அலையறவரு, வேற என்ன வழி சொல்லுவாரு!" என்றது நரி. எல்லாரும் சிரித்தார்கள். இப்படி எத்தனையோ முறை சொல்லி அலுத்த ஜீவன் முள்ளம்பன்றி. தன் வழியே போய்விட்டது.

குரங்கு இரும்புச் சீப்பை எடுத்தது. நுனியாவது நடுவாவது! நேரே அடியில் குத்தி ஒரே இழுப்பு இழுத்தது. "ஐயோ! வேண்டாம்! வேண்டாம்! அந்த மெத்துப் பிரஷ்ஷையே எடு!" என்று சடைச்சி அலறியது.

மெத்துப் பிரஷ் சுகமாக இருந்தது. கண் சொக்கியது. முதுகு முடி பளபளவென்று வழிந்தது. "நம்ம சடைச்சியா இது!" என்று மயில்கூட வந்து பார்த்தது. பிரஷ் சிக்கின் மேலேயே வழுக்கிக்கொண்டு போனதை யாரும் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் நரி மறுபடி வந்தது. "இருக்கிற தண்ணியிலே ஒரு முங்கு முங்கு. சிக்கு தானா இளகிடும்!" சடைச்சி முங்கி எழுந்து வெயிலில் காய்ந்தது. காயக் காய, சிக்கு முறுக்கிய கயிறு மாதிரி இறுகியது.

நாலாம் நாள் விடிந்தது. எல்லாரும் கிளம்பினார்கள். சடைச்சியும் எழுந்தது. வலது கால் வரவில்லை. நாலு அடி நொண்டி, விழுந்துவிட்டது.

"மெதுவா வா சடைச்சி! அவசரமில்லே!" என்று தூரத்திலிருந்து நரி குரல் கொடுத்தது. குரங்கு பிரஷ்ஷைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதது. காட்டெருமைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

முள்ளம்பன்றிதான் திரும்பி வந்தது. இரும்புச் சீப்பை வைத்துப் பார்த்தது. ஒரு பல்கூட உள்ளே இறங்கவில்லை. "இனிமே சீப்புக்கு வேலையில்லே," என்று பெருமூச்சு விட்டு, வளையிலிருந்த எலியைக் கூப்பிட்டது.

எலி அந்தப் பளபளப்பான முடியைப் பார்த்துத் தயங்கியது. "எவ்வளவு கடிக்கட்டும் அக்கா?"

"நான் நடக்கிற அளவுக்கு," என்றது சடைச்சி.

அக்குள் சிக்கு வயிற்றுச் சிக்கோடு பின்னியிருந்தது. வயிற்றுச் சிக்கு கழுத்துவரை ஓடியிருந்தது. எலி கடித்துக்கொண்டே போனது. முடித்தபோது பாதி உடம்பில் முடியில்லை. வெறும் தோல் தெரிந்தது.

வெயில் அந்தத் தோலைச் சுட்டது. சடைச்சி நடந்தது. உட்கார்ந்தால் எழ முடியாது என்று உட்காராமலே நடந்தது. பொழுது சாயும் நேரத்தில், எல்லாருக்கும் கடைசியாக ஆற்றங்கரை வந்து சேர்ந்தது.

"யாரு இந்தச் சொறிநாய்?" என்றது நரி.

சடைச்சி தலையைக் குனிந்து தண்ணீர் குடித்தது. நிமிராமல் குடித்துக்கொண்டே இருந்தது.

வலிக்காத கருவியாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால், சீவிப் பிரித்திருக்க வேண்டிய சிக்கைக் கடைசியில் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.