கொக்குமேட்டுக்கு ஒரு பள்ளிக்கூடம் வேண்டும்

கொக்குமேட்டில் ஒரு காலத்தில் கொக்குகள் மட்டும் இருந்தன. இப்போது கொக்குகளைத் தவிர எல்லா விலங்குகளும் இருந்தன.

மலையடிவாரத்துப் பெரிய காட்டில் நெரிசல் தாங்கவில்லை. ஒரு மரத்துக்கு நாலு குடும்பம் என்றாகிவிட்டது. அதனால் விலங்குகள் தார்ச்சாலையைத் தாண்டி, குட்டையை ஒட்டியிருந்த இந்த மேட்டுக்குக் குடிவந்தன. கரடி தர்மலிங்கம் புதர்களை வெட்டி, கல் நட்டு, மனை மனையாகப் பிரித்து விற்றார். "நல்ல காத்து! நல்ல தண்ணி! கூப்பிடு தூரத்துல குட்டை!" என்று கூவினார். குட்டையில் பாதியையும் அவர் மனை போட்டு விற்றிருந்ததால், மழைக்காலத்தில் சிலருக்குக் குட்டை கூப்பிடாமலே வீட்டுக்குள் வந்தது.

கொக்குமேட்டில் உயர்நிலைப் பள்ளி மட்டும் இல்லை. சின்னப் பிள்ளைகளுக்குப் புளியமரத்தடியில் ஓர் ஆரம்பப் பள்ளி இருந்தது. அதற்கு மேல் படிக்க வேண்டுமானால் பெரிய காட்டுக்குத்தான் போக வேண்டும். அதற்குத் தார்ச்சாலையைக் கடக்க வேண்டும். அந்தச் சாலையில் ராவும் பகலும் லாரிகள் ஓடின. லாரிகள் யாருக்காகவும் நிற்பதில்லை.

முயல் அஞ்சலையின் மூத்த மகன் அப்படித்தான் பெரிய காட்டுக்குப் படிக்கப் போய்க்கொண்டிருந்தான். ஒரு நாள் மாலை அவன் திரும்பி வரவில்லை. அவனுடைய பையை மட்டும் ஓர் ஓணான் கொண்டுவந்து கொடுத்தது. அன்றிலிருந்து அஞ்சலை சாலைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை.

இளையவள் பொம்மி அந்த வருஷம் ஆரம்பப் பள்ளியை முடித்தாள். "நான் மேல படிக்கணும்மா" என்றாள். அஞ்சலைக்கு அழுகைதான் வந்தது.

அழுது முடித்துவிட்டு நேராகக் குடியிருப்போர் நலச் சங்கத்துக்குப் போனாள். சங்கத்தின் தலைவர் மயில்வாகனம். மயில். ஒவ்வொரு கூட்டத்தின் தொடக்கத்திலும் தோகையை விரிப்பார், முடிவில் மடக்குவார். நடுவில் நடப்பதெல்லாம் அவருடைய பொறுப்பில் இல்லை.

"ஐயா, நம்ம ஊருக்கு ஒரு பள்ளிக்கூடம் கேளுங்கய்யா! இன்னொரு பிள்ளைய அந்த ரோட்டுக்குக் குடுக்க என்னால முடியாது!" என்று அஞ்சலை கதறினாள்.

கூட்டம் கலங்கிப்போனது. கரடி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பள்ளிக்கூடம் வந்தால் மனை விலை எவ்வளவு ஏறும் என்று அவர் மனம் கணக்குப் போட்டது. கண்ணீரும் கணக்கும் ஒரே நேரத்தில் வருவது எல்லாருக்கும் வாய்க்காது.

"நம்ம பிள்ளைங்களுக்கு நம்ம பள்ளி! விடமாட்டோம்!" என்றார் மயில்வாகனம்.

ஊரே திரண்டு சிங்கராஜாவின் குகைக்கு ஊர்வலம் போனது. "வேண்டும் வேண்டும்! கொக்குமேட்டுக்கு ஒரு பள்ளிக்கூடம் வேண்டும்!" என்று கோஷம் போட்டது. காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு வந்து, மதியச் சாப்பாடு வரைக்கும் கடும் உண்ணாவிரதம் இருந்தது. ராஜாவின் தூக்கம் கெட்டது.

"குடுத்துத் தொலைங்கடா!" என்று உள்ளேயிருந்து உறுமினார். அதுவே அரசாணை ஆனது.

பள்ளிக்கூடம் எழும்பியது. குறை சொல்ல முடியாத கட்டடம். செங்கல் சுவர், கரும்பலகை, விளையாட்டு மைதானம், தண்ணீர்த் தொட்டி எல்லாம் இருந்தன. அரசுத் தேர்வில் தேறிய சகுந்தலா டீச்சர் நியமிக்கப்பட்டார். டீச்சர் ஒரு கழுதை.

கட்டடத்தைவிடக் கல்வெட்டுக்குத்தான் அதிக நாள் பிடித்தது. பள்ளிக்காகப் போராடியவர்களின் பெயர்களைப் பொறிக்க வேண்டும். தன் பெயர்தான் முதலில் என்றார் மயில்வாகனம். நிலம் கொடுத்தவன் நானல்லவா என்றார் கரடி. அது பூங்காவுக்கென்று அவர் ஏற்கெனவே விட்டிருக்க வேண்டிய நிலம் என்பதை யாரும் நினைவுபடுத்தவில்லை. கடைசியில் இரண்டு பெயர்களையும் ஒரே உயரத்தில் பக்கத்தில் பக்கத்தில் வெட்டி, மற்றவர்களைக் கீழே வரிசையாகப் போட்டார்கள்.

"கல்லுல எடம் பத்தலம்மா, அஞ்சலை! தப்பா நெனைக்காத!" என்றார் மயில்வாகனம்.

"பேரு எதுக்குங்கய்யா? பிள்ள படிச்சாப் போதும்" என்றாள் அஞ்சலை.

திறப்பு விழா தடபுடலாக நடந்தது. சிங்கராஜா வாசலின் குறுக்கே கட்டியிருந்த பூங்கொடியைப் பல்லால் கடித்து அறுத்தார். "இது நம்ம பள்ளி! நம்ம பிள்ளைங்களோட பள்ளி!" என்று மயில்வாகனம் முழங்கினார். பிள்ளைகள் தூங்கி விழும்வரை முழங்கினார்.

மறுநாள் சேர்க்கை. சகுந்தலா டீச்சர் விடியும்போதே வந்து மணி அடித்தார். பொம்மி வந்தாள். அண்ணனுடைய பையைத் தோளில் மாட்டியிருந்தாள். டீச்சர் மறுபடி மணி அடித்தார். யாரும் வரவில்லை.

வாசல் வழியாக ஓர் எருமை போனது. அதன் முதுகில் மஞ்சள் சாயம் பூசியிருந்தது. அதற்கு வேன் என்று பெயர். மயில்வாகனத்தின் குஞ்சு, கரடியின் குட்டி, போராடிய அத்தனை பேரின் பிள்ளைகளும் அதில் உட்கார்ந்திருந்தார்கள். கழுத்தில் டை, காலில் சாக்ஸ். வேன் அரசுப் பள்ளியைத் தாண்டி, ஊரின் மறுகோடியில் நரி ஒருவர் புதிதாகப் போட்டிருந்த ஒரு தகரக் கொட்டகைக்குப் போனது. கொட்டகையின் மேல் பெரிய பலகை தொங்கியது: 'நரியார் இன்டர்நேஷனல்'.

அஞ்சலை ஓடிப்போய் மயில்வாகனத்திடம் கேட்டாள்.

"ஐயா, நாமதானய்யா கேட்டு வாங்கினோம்! உங்க பிள்ளைய அனுப்பலயே?"

"அரசாங்கப் பள்ளி அஞ்சலை! யார் யாரோட பிள்ளைங்களோ வருவாங்க!"

"யாருமே வரலயேய்யா!"

"பாத்தியா! யாருமே வராத பள்ளியில என் பிள்ளைய நான் எப்படிச் சேர்க்கிறது?"

பக்கத்தில் இருந்த கரடி இன்னும் விவரமாகச் சொன்னார். "சும்மா குடுக்கிற படிப்பு நல்லாவா இருக்கும்? டீச்சர் வேற கழுதையாமே!"

"அந்த டீச்சர் பரீட்சை எழுதித் தேறினவங்கய்யா. நரியார் பள்ளியில டீச்சர் யாருங்க?"

"அங்க டை கட்டுறாங்கம்மா!" என்றார் கரடி. அதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை என்பதுபோல் நடந்தார்.

நரியார் பள்ளியில் டை கட்டுவது ஒரு பாடம். வரிசையில் நிற்பது இன்னொரு பாடம். மூன்றாவது பாடம்தான் முக்கியமானது. நரியார் வாலை ஆட்டிக்கொண்டே கேட்பார், "உங்க பள்ளிக்கூடம் பேர் என்ன?" பிள்ளைகள் நெஞ்சை நிமிர்த்தி ஒரே குரலில், "நரியார் இன்டர்நேஷனல்!" என்று கத்துவார்கள். வேலிக்கு வெளியே நிற்கும் பெற்றோருக்கு மயிர் சிலிர்க்கும். "என்னமா இங்கிலீஷ் பேசுது!" என்று உருகுவார்கள். நரியார் தானியம் கேட்டால் தானியம், தேன் கேட்டால் தேன், மறுபேச்சில்லாமல் கொண்டுவந்து கொட்டினார்கள்.

இந்தப் பக்கம் பொம்மி படித்தாள். டீச்சர் கணக்குச் சொல்லிக் கொடுத்தார், மழை எங்கிருந்து வருகிறது என்று சொல்லிக் கொடுத்தார். தினமும் வருகைப் பதிவில் "பொம்மி" என்று ஒரே ஒரு பெயரைக் கூப்பிட்டுவிட்டு, வாசலை ஒரு தடவை எட்டிப் பார்ப்பார். பிறகு பாடத்தைத் தொடங்குவார்.

ஒரு நாள் டீச்சர் அஞ்சலையை அழைத்தார். முகம் வாடியிருந்தது.

"கல்வி அதிகாரி வர்றாங்க, அஞ்சலை. பத்துப் பிள்ளையாவது இல்லைன்னா பள்ளிய மூடிடுவாங்க!"

அஞ்சலை மறுபடியும் சங்கத்துக்கு ஓடினாள். இந்தத் தடவை சங்கம் உண்மையிலேயே பதறியது. 'பள்ளிக்கு மிக அருகில்' என்று தட்டி வைத்துக் கரடி இன்னும் பல மனைகளை விற்க வேண்டியிருந்தது. மயில்வாகனத்துக்கோ கல்வெட்டுக் கவலை.

"பள்ளி போனா என் பேரும்ல போயிடும்!" என்றார்.

கூடிப் பேசி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அதிகாரி வரும் காலையில் மட்டும் எல்லாரும் தங்கள் பிள்ளைகளை அரசுப் பள்ளிக்கு இரவல் கொடுப்பது. நரியாரிடம் அனுமதி கேட்டார்கள்.

"தாராளமா கூட்டிட்டுப் போங்க!" என்று நரியார் சிரித்தார். "நம்ம பிள்ளைங்க எங்க போனாலும் நம்ம பேரக் காப்பாத்துவாங்க!"

"டையக் கழட்டிட்டு அனுப்புங்கய்யா!" என்று அஞ்சலை எல்லாரையும் கெஞ்சினாள். கழற்றினார்கள். அந்த அளவுக்குத் தியாகம் செய்தார்கள்.

கல்வி அதிகாரி வந்தார். பெரிய யானையம்மா. வகுப்பு நிறையப் பிள்ளைகள். "பரவாயில்லையே! நல்லாக் கூட்டம் சேர்ந்திருக்கே!" என்றார். கேள்வி கேட்டார். பொம்மி எழுந்து பதில் சொன்னாள். அடுத்த கேள்விக்கும் பொம்மியே எழுந்தாள். அதற்கு அடுத்ததற்கும் அவள்தான். மற்றவர்கள் அழகாக வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஜன்னலுக்கு வெளியே நின்ற அஞ்சலை மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். யானையம்மா கிளம்பினார். வாசல்வரை போய்விட்டார். அஞ்சலை மூச்சை விட்டாள்.

அப்போது யானையம்மா திரும்பி, சும்மா அன்பாக ஒரு வார்த்தை கேட்டார்.

"உங்க பள்ளிக்கூடம் பேர் என்ன, கண்ணுங்களா?"

ஆஹா, தெரிந்த கேள்வி! அத்தனை பிள்ளைகளும் துள்ளி எழுந்தார்கள். நெஞ்சை நிமிர்த்தினார்கள்.

"நரியார் இன்டர்நேஷனல்!"

'கொக்குமேடு அரசு உயர்நிலைப் பள்ளி' என்று பொம்மி சொன்னது அந்தக் கூச்சலில் யார் காதிலும் விழவில்லை. யானையின் காதிலும்கூட.

"பிள்ளைங்க வெளையாட்டுக்குச் சொல்லுதுங்க!" என்று மயில்வாகனம் தோகையை விரித்து வழியை மறைத்தார்.

"வெளையாட்டு மாதிரி தெரியலையே. நல்லாப் பழக்கியிருக்காங்க!" என்றார் யானையம்மா.

அஞ்சலை அவர் காலடியில் விழுந்தாள். "அம்மா! என் பொண்ணு ஒருத்திக்காகவாவது விட்டு வைங்கம்மா!"

யானையம்மாவுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. "ஒரு பிள்ளைக்காகப் பள்ளி நடத்த எனக்கு உத்தரவு இல்லம்மா. நீ கேக்க வேண்டியது என்னை இல்ல, உன் ஊர்க்காரங்களை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பள்ளி மூடப்பட்டது. சகுந்தலா டீச்சரை எங்கோ தூரத்துக் காட்டுக்கு மாற்றினார்கள். "படிப்ப விட்டுடாத, பொம்மி!" என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார்.

கட்டடம் சும்மா கிடக்கலாமா? சங்கம் அதை நல்ல கையில் ஒப்படைத்தது. நரியாரின் கையில். தகரக் கொட்டகையிலிருந்து பலகை இடம் மாறியது. பெற்றோர்கள் பூரித்துப்போனார்கள்.

"என்ன கட்டடம்! என்ன மைதானம்! இதுக்குத்தான் தனியார் பள்ளி வேணும்ங்கிறது!" என்றார் கரடி.

இத்தனை நல்ல கட்டடத்தில் படிக்கிறார்கள் என்பதால் நரியார் கட்டணத்தை ஏற்றினார். கல்வெட்டைப் பிடுங்கி வாசற்படியாகப் போட்டார். தினமும் பிள்ளைகள் மயில்வாகனத்தின் பெயரை மிதித்துக்கொண்டு உள்ளே போனார்கள். அவர்களுக்கு அதைப் படிக்கத் தெரியாததால் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

அஞ்சலை தன்னிடம் இருந்த கிழங்கையெல்லாம் கூடையில் அள்ளிக்கொண்டு, பொம்மியோடு அந்த வாசலில் போய் நின்றாள். நரியார் கூடைக்குள் பார்த்தார். பிறகு பொம்மியைப் பார்த்தார்.

"உன் பொண்ணு ஏற்கெனவே ரொம்பப் படிச்சிருக்காம்மா. எங்க பிள்ளைங்களுக்குக் கஷ்டமாயிடும்!" என்று கதவைச் சாத்தினார்.

கடைசியில் பொம்மிதான் சொன்னாள், "நான் பெரிய காட்டுக்கே போறேம்மா. பாத்துப் போறேன்." அஞ்சலை முடியாது என்றாள். பொம்மி மூன்று நாள் சாப்பிடவில்லை. மதியத்தோடு முடிகிற உண்ணாவிரதம் அல்ல அது. அஞ்சலை தோற்றுப்போனாள்.

அதிலிருந்து தினமும் காலையில் மகளைத் தார்ச்சாலைவரை கொண்டுபோய் விடுவாள். மாலையில் பள்ளி விடுவதற்கு வெகு நேரம் முன்பே வந்து சாலையோரம் நிற்பாள். ஒவ்வொரு லாரி போகும்போதும் கண்ணை மூடிக்கொள்வாள். உடனே பயந்து திறப்பாள்.

அப்படி நின்ற ஒரு மாலையில் மயில்வாகனமும் கரடியும் அவளைத் தேடி வந்தார்கள். கையில் ஒரு பெரிய தேக்கிலை.

"அநியாயம், அஞ்சலை! நரி மறுபடியும் கட்டணத்த ஏத்திட்டான்! கேக்க ஆளில்லன்னு நெனைச்சிட்டான்!" என்று கரடி பொருமினார்.

"அதனால நாங்க சிங்கராஜாகிட்டயே போகப் போறோம். கொக்குமேட்டுக்கு ஒரு பள்ளிக்கூடம் வேணும்னு மனு! இந்த இலையில உன் பாதத்தப் பதிச்சிடு. ஊர்வலத்துக்கும் வந்துடு. உன்ன மாதிரி அழுது பேச நம்ம ஊர்ல ஆள் கிடையாது!" என்றார் மயில்வாகனம்.

அஞ்சலை சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பள்ளி வந்தா, உங்க பிள்ளைங்கள அதுல சேர்ப்பீங்களாய்யா?"

மயில்வாகனம் கரடியைப் பார்த்தார். கரடி வானத்தைப் பார்த்தார்.

"அது வேற விஷயம்மா!" என்றார்கள் இருவரும்.

ஒரு லாரி இரைந்துகொண்டு போனது. புழுதி அடங்கியது. சாலையின் அந்தப் பக்கம், அண்ணனின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பொம்மி நின்றிருந்தாள். இன்னும் கடக்கவில்லை.

அஞ்சலை மகளைப் பார்த்தபடியே தேக்கிலையில் பாதத்தைப் பதித்தாள்.

ஊருக்கென்று கேட்டு வாங்கியதில் தன் பிள்ளையை உட்கார வைக்காதவர்கள் அதைக் காலமெல்லாம் கேட்டுக்கொண்டே இருப்பார்கள், அதற்கான விலையை வேறு யாருடைய பிள்ளையோ கொடுத்துக்கொண்டே இருக்கும்.