நீச்சல்குளத்தைத் தெளியவைத்த மூவர்

கத்திரி வெயில் தொடங்கிய மூன்றாம் நாள், காலை எட்டு மணி. பொள்ளாச்சிக்குத் தெற்கே தென்னந்தோப்பின் நடுவில் விடுதி நடத்திவந்த வள்ளிநாயகி அம்மாள் தம் நீச்சல்குளத்தை எட்டிப் பார்த்தார். தண்ணீர் நீர்மோர்போலக் கலங்கியிருந்தது. மறுநாள் திருப்பூரிலிருந்து நாற்பது பிள்ளைகள் நீச்சல் முகாமுக்கு வருவதாக இருந்தார்கள். விடுதிக்குக் கிடைத்த முதல் பெரிய வாய்ப்பு அது. பயிற்சியாளர் ரெபேக்காவோ மிகக் கண்டிப்பானவர். குளத்தின் தரையில் போட்ட காசு கரையில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியாவிட்டால் பேருந்தைத் திருப்பிவிடுவதாக முன்னதாகவே சொல்லியிருந்தார்.

அம்மாளுக்கு அன்று கோயம்புத்தூரில் தவிர்க்க முடியாத ஒரு கலியாணம். ஆகவே தோப்பில் வேலை பார்த்த சென்னியப்பன், நாச்சிமுத்து, ராக்கியப்பன் என்னும் மூன்று சகோதரர்களை அழைத்தார்.

“நல்லாக் கேட்டுக்குங்க. மொதல்ல ஃபில்டர் மணலைக் கழுவணும். பொழுது சாஞ்சதும் குளோரின் பவுடரைக் கரைச்சு ஊத்தணும். பகல்ல போட்டா வெயிலே பாதியத் தின்னுபோடும். அப்புறம் விடியற வரைக்கும் மோட்டார் ஓடட்டும். காலைல தரையில கிடக்கிற காசு தெரியணும். கெணத்துல தண்ணி கம்மி, ஒரு சொட்டு வீணாக்கப்படாது.”

“ஆகட்டுங்கம்மா” என்றார்கள் மூவரும். அவர்களுடைய பணிவில் எவரும் குறை கண்டதில்லை.

மணலைக் கழுவுவதென்றால் வால்வைத் திருப்பிவைத்து மோட்டாரைப் போட்டால் போதும். அழுக்கு தானே வெளியேறிவிடும். மூவரும் ஃபில்டரின் மூடியைக் கழற்றி, மணலைக் கூடை கூடையாக அள்ளினார்கள்.

“எதுல கழுவறதுங்ண்ணா?” என்றான் இளையவனான ராக்கியப்பன்.

“பக்கத்துலயே இத்தனை தண்ணி கிடக்குது, கண்ணு தெரியலயா உனக்கு?” என்றான் மூத்தவனான சென்னியப்பன்.

குளத்திலேயே கழுவினார்கள். வெறும் தண்ணீரில் கழுவினால் அம்மாளுக்கு மரியாதை இல்லை என்று நாச்சிமுத்து கருதியதால், மூன்று கட்டி சோப்பும் தேய்த்தார்கள்.

குளோரின் குறித்து நண்பகலில் ஆலோசனை நடந்தது.

“பொழுது சாயறவரைக்கும் எதுக்குக் காத்திருக்கோணும்? வெயிலுக்குப் பசி. மொதல்ல அதுக்குப் போட்டுட்டா மிச்சத்தைத் தொடாதில்ல?” என்றான் நாச்சிமுத்து.

“எத்தனை போடறது?” என்றான் ராக்கியப்பன்.

“பாதி திங்கும்னு அம்மா சொன்னாங்கல்ல, பாதி போடு.”

பாதிப் பவுடரை வாழையிலையில் பரப்பி வெயிலில் வைத்தார்கள்; மீதியைக் குளத்தில் கொட்டினார்கள். மாலையில் பார்த்தபோது இலையில் இருந்தது அப்படியே இருந்தது.

“வெயிலுக்கு இன்னிக்கு ஒடம்பு சரியில்ல போல” என்று ராக்கியப்பன் வருந்தினான்.

மணல் முழுவதும் களத்தில் காய்ந்துகொண்டிருக்க, வெறும் ஃபில்டர் விடிய விடிய ஓடியது. கோழி கூவும் நேரத்தில் குளம் பாலாகப் பொங்கி நின்றது. ஒரு ரூபாய்க் காசைப் போட்டார்கள், தெரியவில்லை. காசு சிறியது என்று ஐந்து ரூபாயைப் போட்டார்கள், அதுவும் தெரியவில்லை.

சென்னியப்பன் நெடுநேரம் யோசித்தான்.

“காசு மேல தப்பில்ல, அது கெடக்கற எடத்துல கெடக்குது. தண்ணி மேலயும் தப்பில்ல, அதுபாட்டுக்கு நிக்குது. ரெண்டும் ஒரே எடத்துல இருக்குது பாரு, அதுதான் தப்பு.”

தம்பியர் இருவரும் அண்ணனின் அறிவை எண்ணிப் பூரித்தார்கள். இரண்டு மோட்டார் வைத்துக் குளத்தை இறைத்தார்கள். ஒரு சொட்டும் வீணாகக் கூடாது என்பதால், குழாயின் மறுமுனையைக் கிணற்றுக்குள் விட்டார்கள்.

பத்து மணிக்குப் பேருந்து வந்தது. அதே நேரத்தில் அம்மாளும் வந்து சேர்ந்தார். ரெபேக்கா கரையில் நின்று குனிந்து பார்த்தார்.

“காசு தெரியுது” என்றார் மெல்ல. “தண்ணி எங்கப்பா?”

“கெணத்துல பத்திரமா இருக்குதுங்க டீச்சர்!” என்றார்கள் மூவரும்.

அம்மாள் ஓடிப்போய்க் கிணற்றுக் குழாயைத் திறந்தார். நுரை வந்தது. பேருந்து திரும்பிப் போயிற்று.

முகாமுக்கு வாங்கிய முன்பணத்தை அம்மாள் அன்று மதியமே திருப்பி அனுப்பினார். கிணற்றைச் சுத்தம் செய்தவர்களுக்கு வைகாசியில் கூலி கொடுத்தார். சகோதரர்களுக்கு ஆளுக்கு ஐநூறு ரூபாய் அபராதம். அதைப் பேருந்து திரும்பிப் போன அன்றே மாலைக்குள் கட்டியாக வேண்டும் என்று உத்தரவிட்டார்.

மாலையில் மூவரும் கைகட்டி வந்து நின்றார்கள்.

“ஏனுங்கம்மா, கையில பணமில்லீங்க. ஆளுக்கு ஐநூறு கடன் குடுத்தீங்கன்னா இப்பவே அபராதத்தைக் கட்டிப்போடறோமுங்க” என்றான் சென்னியப்பன்.

கொடுத்தார். அங்கேயே கட்டினார்கள்.

“சரி, கடன் என்னாச்சுடா?” என்று அதட்டினார் அம்மாள்.

“உங்க பணம் உங்க பையிலயே இருக்குதான்னு எண்ணிப் பாத்துக்குங்க.”

அம்மாள் எண்ணிப் பார்த்தார். ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. அபராதமும் வந்துவிட்டது, கடனும் தீர்ந்துவிட்டது என்பதில் அவருக்கு முழுத் திருப்தி. இரண்டு பாக்கியையும் ஒரே நாளில் நேர்செய்த ஒழுங்கைப் பாராட்டி, மூவருக்கும் ஆளுக்கு ஐம்பது ரூபாய் கொடுத்து அனுப்பினார்.