மெதுவாக நடந்த சூரியன்

மருதகிரியை ஆண்ட திம்மப்ப நாயக்கருக்கு மானம் போயிருந்தது.

போன வருஷம் அரண்மனையில் யுகாதி வருஷப்பிறப்பு பங்குனி இருபதாம் தேதி வந்தது. விருந்துக்கு வந்த அண்டை நாட்டு அரசரிடம், "அடுத்த பங்குனியிலும் இதே தேதிக்கு வந்துவிட வேண்டும்!" என்று சொல்லி அனுப்பினார் ராஜா. யாரையும் கேட்கவில்லை. ராஜாவாயிற்றே, எதற்குக் கேட்க வேண்டும்?

அவரும் சொன்னபடி யானை, மேளதாளத்தோடு வந்து இறங்கினார். ஆனால் யுகாதி பதினோரு நாள் முன்பே வந்து போயிருந்தது. அப்போது ராஜாவுக்குத் தாம் அழைத்த நினைவே வரவில்லை. வாசலில் மாவிலைத் தோரணம் சருகாகத் தொங்கியது. அவசரத்துக்கு உப்புமா கிளறிப் போட்டார்கள். விருந்தாளி மரியாதைக்கு இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்.

தப்பு யார் மேல்? ராஜா மேல் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? ராஜாவே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"எல்லாம் இந்தப் பஞ்சாங்கக்கார நரசையா செய்த வேலை! வருஷாவருஷம் தேதியை மாற்றி விளையாடுகிறான். இனி யுகாதி பங்குனி இருபதாம் தேதிதான். முடியாதென்றால் நாளைக்கே குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போகட்டும்!"

"மகாராஜா, பங்குனி சூரியன் கணக்கு... யுகாதி சந்திரன் கணக்கு..." அதற்கு மேல் சொல்லாமல் நரசையா கைகூப்பினார். பிரசவத்துக்கு வந்த மகள் வீட்டில் பச்சைக் குழந்தையோடு படுத்திருந்தாள். சபையோர் எல்லோரும் கூரையின் அழகை ரசித்துக்கொண்டிருந்தார்கள்.

அரசவை விதூஷகர் கோனேரிக்கு மனசு பொறுக்கவில்லை. பயமும் இல்லாமலில்லை. வாய் தவறினால் நரசையாவின் வண்டியிலேயே தனக்கும் ஓர் இடம் போட்டுவிடுவார்கள். அரசருக்குப் பின்னால் திரை மறைவில் ராணி ஓபம்மாள் உட்கார்ந்திருப்பதை ஒருமுறை பார்த்துக்கொண்டார். எழுந்தார்.

"மகாராஜா, தினமும் மாலையில் தாங்களும் ராணியாரும் கோயிலைச் சுற்றுகிறீர்கள். தாங்கள் சூரியன். ராணியார் சந்திரன் என்று வைத்துக்கொள்வோம்."

ராஜா மீசையை நீவிக்கொண்டார். "வைத்துக்கொள்."

"சேர்ந்துதான் புறப்படுகிறீர்கள். ராணியார் விறுவிறுவென்று போய்ச் சுற்றை முடித்துவிடுகிறார். தாங்கள் தூணுக்குத் தூண் நின்று குசலம் விசாரித்து வருகிறீர்கள். சந்திரனும் அப்படித்தான், பன்னிரண்டு மாதச் சுற்றை வருஷாவருஷம் சூரியனுக்குப் பதினோரு நாள் முன்னதாக முடித்துவிடுகிறான். யுகாதியும் அவனோடு முந்திவிடுகிறது."

"அப்படியானால் யுகாதி ஒருநாள் மழைக்காலத்தில் போய் நிற்குமே!"

"நிற்காது. ராணியார் கொடிமரத்தடியில் உட்கார்ந்து தங்களுக்காகக் காத்திருக்கிறார் அல்லவா? சந்திரனும் மூன்று வருஷத்துக்கு ஒருதரம் போல ஒரு மாதம் காத்திருக்கிறான். அதைத்தான் நரசையா அதிக மாதம் என்கிறார்."

ராஜா யோசித்தார். "அப்படியென்றால் குற்றவாளி சந்திரன்தான். அவனை மெதுவாக நடக்கச் சொல்!"

"உத்தரவு. ஆனால் சந்திரன் எட்டாத தூரத்தில் இருக்கிறான். முதலில் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிப் பார்ப்போம். இனி மெதுவாக நடக்கும்படி மகாராஜா ராணியாருக்கு இப்போதே ஆணையிடட்டும். அது பலித்தால் நரசையாவின் வண்டியை நானே ஓட்டிப் போகிறேன்."

திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்றது. ராஜாவின் கை மீசையை விட்டு இறங்கியது. சபையோர் மறுபடி கூரையை ரசிக்கப் போனார்கள்.

திரைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"சந்திரனை ஏன் மெதுவாக நடக்கச் சொல்ல வேண்டும்? சூரியனைக் கொஞ்சம் வேகமாக நடக்கச் சொல்லலாமே? கல்யாணமான நாளிலிருந்து நான் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்!"

முதலில் சிரித்தவர் ராஜாதான். வேறு வழியும் இல்லை. நரசையாவுக்கு மன்னிப்பும் பேரனுக்கு வெள்ளிக் கிண்ணமும் கிடைத்தன. கோனேரிக்குப் பட்டு அங்கவஸ்திரம்.

அன்று மாலை கோயிலில் ராஜா ஒரு தூணருகிலும் நிற்கவில்லை. மூச்சு வாங்க நடந்தார். அப்படியும் கொடிமரத்தடிக்கு அவர் வந்து சேர்ந்தபோது, ராணி உட்கார்ந்து ஒரு முழம் மல்லிகை கட்டி முடித்திருந்தாள்.

அடுத்த வருஷமும் யுகாதி வேறு தேதியில்தான் வந்தது. ராஜா வாயே திறக்கவில்லை.