பீரோவுக்குள் மோடம்

எங்கள் ஊரில் திருமேனிநாதன் என்று ஒரு வாஸ்து நிபுணர். இணைய நேரலையில் ஆலோசனை சொல்லிப் பேர் வாங்கியவர். சம்பாத்தியம் தரும் எதுவும் தென்மேற்கு மூலையில் இருக்க வேண்டும் என்பது அவர் சட்டம். அதனால் புது மோடத்தை அந்த மூலையில் நின்ற இரும்பு பீரோவுக்குள் வைத்துவிட்டார். பீரோவின் முதுகில் ஓட்டை போட்டு ஒயர்களை உள்ளே விட்டாயிற்று. வைஃபைதான் வெளியே வரவில்லை.

சரிசெய்ய இணைய ஆபீஸிலிருந்து செண்பகவடிவு வந்தாள்.

"நாலு மணிக்கு எனக்கு நேரலைம்மா. மோடம் அசையக் கூடாது, பீரோ மூடியே இருக்கணும், வேகம் முழுசா வரணும். இல்லேன்னா உன் வேலைக்கு உலை வச்சிடுவேன்!"

அவள் பீரோவைத் தட்டிப் பார்த்தாள். "ஒரு சந்தேகம் ஐயா. இந்த வீட்டுல சம்பாதிக்கிறது மோடமா, நீங்களா?"

"இதென்ன கேள்வி? நான்தான்!"

"அப்போ அந்த மூலையில உட்கார வேண்டியது நீங்கதானே?"

அவர் சட்டமாச்சே, லேப்டாப்பை எடுத்துக்கொண்டு மூலைக்கு நடந்தார்.

செண்பகவடிவு பச்சை விளக்கு எரிந்த மோடத்தில் ஈத்தர்நெட் கேபிளைச் சொருகி, ஓட்டை வழியாக வெளியே இழுத்து, பீரோவை மூடினாள். மோடத்தோடு வந்த கேபிள் இரண்டு முழம்தான் இருந்தது. நிபுணர் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே ஒடுங்கி உட்கார்ந்து, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டார்.

வேகம் முழுசாக வந்தது. படம் பளிச்சென்று தெரிந்தது. மோவாயை இடித்த அவர் முழங்காலும் பளிச்சென்று தெரிந்தது.

"ஐயா, ஏன் சந்துல உட்கார்ந்திருக்கீங்க?" என்று நேரலை பார்த்த ஒருவர் கேட்டார்.

ஐந்து மணிக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டே நிபுணர் புதுச் சட்டம் அறிவித்தார்: "பச்சை விளக்கு எரியும் பொருளுக்கெல்லாம் நடு ஹால்தான் உத்தமம்!"