இறக்கிவிடாத குட்டி

ஊருக்குக் கிழக்கே கருவேலங்காட்டில் மூக்காயி என்ற பெருச்சாளி தன் ஆறு குட்டிகளோடு அலைந்துகொண்டிருந்தது. அந்த ஆண்டில் மட்டும் நான்கு வளை மாறிவிட்டது. வளை தோண்டி மூச்சு விடுவதற்குள் யாராவது வந்து கல் நட்டார்கள். கல் நட்ட இடத்தில் வீடு எழும்பியது.

காட்டின் நடுவில் ஓர் இடம் மட்டும் சும்மா கிடந்தது. முன்பு மனிதர்கள் தோல் பதனிட்ட இடம் அது. கொட்டகையைப் பிரித்துப் போனவர்கள் தொட்டியில் இருந்த நஞ்சு நீரை மண்ணிலேயே விட்டுப் போயிருந்தார்கள். அங்கே புல்லும் முளைக்கவில்லை.

அதைச் சுத்தம் செய்தால் நாற்பது குடும்பங்கள் வாழலாம். விலங்குகள் கூட்டம் போட்டன. கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கிழட்டுக் காளை தலைமை தாங்கியது. பஞ்சத்துக்கென்று எல்லோரும் சேர்த்து வைத்திருந்த பொதுத் தானியத்திலிருந்து வேலை செய்பவருக்குக் கூலி கொடுப்பது என்று முடிவாயிற்று.

முள்ளம்பன்றி முதலில் பேசியது. கெட்ட மண்ணை அடிவரை தோண்டி எடுத்து, களிமண் பூசிய பாறைக்குழியில் இட்டு மூட வேண்டும், இரண்டு மழைக்காலம் ஆகும், தானியத்தில் பாதி செலவாகும் என்றது.

நரி சிரித்தது. இருபதே நாளில் அந்த இடத்தைப் பச்சைப் பசேல் என்று ஆக்கித் தருவதாகவும், தனக்குக் கால்பங்கு தானியம் போதும் என்றும் சொன்னது.

மூக்காயிக்கு இருப்புக் கொள்ளவில்லை. "ரெண்டு மழை வரைக்கும் இந்த ஆறையும் எங்கே வெச்சுக்கிட்டு நிப்பேன்? நரியண்ணனுக்கே குடுங்க!" என்றது. மற்றவையும் தலையாட்டின.

நரி வேலையைத் தொடங்கியது. குளத்து வண்டலைக் கொண்டுவந்து ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பியது. அருகம்புல் வேரை ஊன்றியது. நல்ல வேளையாக மழையும் பெய்தது. இருபதாம் நாள் அந்த இடம் பச்சையாக மின்னியது. முதல் வளை மூக்காயிக்கு என்று காளை அறிவித்தது.

திறப்பு நாளன்று எல்லா விலங்குகளும் குடும்பத்தோடு வந்தன. நரியின் மனைவியும் வந்தது. அதன் வாயில் குட்டி இருந்தது. கைக்குழந்தை அல்ல, மூன்று மாதக் குட்டி. பின்னங்கால்கள் தரையைத் தொடும் அளவுக்குத் தொங்கின. அவை தொடும்போதெல்லாம் தாய் கழுத்தை இன்னும் உயர்த்தியது.

மூக்காயி பார்த்துக்கொண்டே இருந்தது. காலையில் இதே குட்டி அந்த இடத்துக்கு வெளியே உள்ள வரப்பில் ஓணானைத் துரத்தி ஓடியதை அது கண்டிருந்தது.

"அக்கா, கழுத்து வலிக்கப்போவுது. பிள்ளையைக் கொஞ்சம் இறக்கி விடுங்க. புல்லு மெத்துன்னு இருக்கு."

"ம்" என்றது நரியின் மனைவி. வாயைத் திறந்தால் குட்டி விழுந்துவிடும்.

மூக்காயியின் குட்டிகள் அம்மாவின் காலைச் சுற்றிப் பரபரத்தன. எப்போது தோண்டலாம் என்று கேட்டன. மூக்காயி அவற்றை வாலால் பின்னுக்குத் தள்ளியது.

"அக்கா, நானும் தாய்தான். இந்த மண்ணு நல்ல மண்ணுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இப்பவே என் பிள்ளைங்களை உள்ளே விடறேன்."

நரியின் மனைவி கணவனைப் பார்த்தது. ஆறு குட்டிகளையும் பார்த்தது. பிறகு திரும்பி நடந்தது. புல்வெளியைக் கடந்து, வரப்பில் ஏறி, அங்கேதான் குட்டியை இறக்கியது.

"அதை என் வாயால சொல்ல மாட்டேன்" என்றது.

மூக்காயி ஒரே ஒரு முறை முன்னங்காலால் மண்ணைப் பறித்தது. வண்டலுக்கு அடியில் நீலம் பாரித்த மண் வந்தது. அழுகல் நாற்றம் எழுந்தது. அதன் முன்னங்கால் வெந்து சிவந்தது.

"பச்சையா ஆக்கித் தரேன்னுதானே சொன்னேன்? பச்சையா இல்லையா?" என்று நரி கேட்டது. பச்சையைத்தான் மற்ற விலங்குகளும் கேட்டிருந்தன.

மீதித் தானியத்தை வைத்து முள்ளம்பன்றி வேலையைத் தொடங்கியது. கூலி இல்லாமல் நரியும் கூடவே தோண்ட வேண்டும் என்று காளை தீர்ப்புச் சொன்னது. மூக்காயி வெந்த காலோடு ஐந்தாவது வளை தேடிப் புறப்பட்டது.

இரண்டு மழை கழிந்தது. அந்த ஆறு குட்டிகளும் வளர்ந்து திசைக்கு ஒன்றாகப் போய்விட்டன. அடுத்த ஈற்றுக் குட்டிகளோடு மூக்காயி அங்கே வந்தது. முள்ளம்பன்றியின் பிள்ளைகள் அந்த மண்ணில் உருண்டு புரண்டுகொண்டிருந்தன. மூக்காயி அதை வெகுநேரம் பார்த்தது. அதன் பிறகுதான் தன் குட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கிவிட்டது.

ஊர்ப்பொருளை வாங்கிச் செய்த வேலை நல்லதா என்று அறிய, செய்தவர் தம் பிள்ளையை அங்கே விளையாட விடுகிறாரா என்று பார்.